அன்றாடப் பரிசீலனை

திரைப்படம் ஒன்று முடிவுற்றதும் அதிற் பணியாற்றியோரின் பெயர்கள் திரையிலே தொடராகச் செல்வதை நேயர்கள் கண்டிருப்பார்கள். தந்திரக் காட்சிகள் நிறைந்த படமாயின், அல்லது முற்றிலும் சித்திரங்களாலான படமாயின், அந்தப் பெயர் வரிசை பல நிமிடங்களுக்கு நீளும். ஓவியர், ஒளியமைப்போர், கணினி வல்லுநர் ஆகியோரின் பெயர்களுக்கிடையே 'இணைப்பாளர்' என்றொரு பதவிப் பெயரும் காணப்படும். இவர் ஒரு கோடும் வரைவதில்லை. ஒரு வர்ணமும் தீட்டுவதில்லை. எனினும் நூற்றுக்கணக்கானோரின் உழைப்பு ஒருமுகப்படுவது பெரும்பாலும் இவருடைய கையிலேயே தங்கியிருக்கிறது. இவருடைய கடமைகளுள் தலையாயது, நாள்தோறும் நடைபெறும் பரிசீலனைக் கூட்டத்தை ஒழுங்கு செய்வதாகும்.

முதல் நாள் மாலை வரையில் முடிந்த வேலையை, அது எவ்வளவு அரைகுறையாக இருப்பினும், மறுநாட் காலையில் திரையிலிட்டுப் பார்த்து, நெறியாளரும் மேற்பார்வையாளரும் தத்தம் கருத்தைக் கூறுவதே இந்தப் பரிசீலனை. ஆங்கிலத்தில் இதனை 'டெய்லீஸ்' என்பர். தமிழ்ச் சினிமாத் துறையினர் 'ரஷ் பார்த்தல்' என்பர். இரண்டு சொற்களும் ஒரே வழக்கத்திலிருந்து பிறந்தவை. படச்சுருள் பயன்பட்ட காலத்தில், பகலிலே படம்பிடித்த சுருளை அன்றிரவே இரசாயனசாலைக்கு அனுப்பிக் கழுவி, அவசர அவசரமாக ஒரு பிரதி எடுத்து, மறுநாள் பார்ப்பார்கள். அவசரத்தைக் குறித்து ஒரு பெயரும், அன்றாடம் நிகழ்வதைக் குறித்து மற்றொரு பெயரும் வழங்கலாயின.

அவ்வாறு பார்ப்பதற்குக் காரணம் மிகவும் எளியது. காட்சிக்காக அமைத்த மாளிகையைப் பிரிப்பதற்கு முன்னர், நடிகர் ஊருக்குத் திரும்புவதற்கு முன்னர், எடுத்த படம் சரியாக விழுந்திருக்கிறதா என்று அறிந்துகொள்ள வேண்டும். பிழையை இன்று கண்டால் நாளை மீண்டும் எடுக்கலாம். ஒரு மாதம் கழித்துக் கண்டால் மாளிகையும் இராது, நடிகரும் இரார்.

தந்திரக் காட்சிகளில் இந்தத் தேவை பன்மடங்காயிற்று. 1977ஆம் ஆண்டில் வெளியான 'ஸ்டார் வோர்ஸ்' படத்திலே தந்திரக் காட்சிகள் 350க்கு மேற்பட்டவை. சிறு மாதிரி வடிவங்களாகச் செய்த விண்கலங்களைத் தனித்தனியே படம்பிடித்து, அந்தச் சுருள்களை விசேட இயந்திரத்தின் மூலம் ஒரே சுருளில் இணைத்தார்கள். இணைப்புச் சரியாக அமைந்ததா என்பதை இணைத்தவரே அந்தக் கணத்தில் அறிய முடியாது. சுருள் கழுவப்பட்டு மறுநாள் திரையில் ஓடும்போதுதான் உண்மை தெரியும். ஆகவே, காலைப் பரிசீலனையே அவர்களுக்கு முதற் பார்வையும் பரீட்சையுமாக இருந்தது.

சித்திரப் படங்களின் வரலாற்றிலே இந்த வழக்கம் இன்னும் முந்தியது. 1930களில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஹைப்பீரியன் வீதியிலிருந்த வோல்ட் டிஸ்னியின் கலைக்கூடத்தில், ஓவியர்கள் பென்சிலால் வரைந்த படங்களை மை தீட்டி வர்ணம் பூசுவதற்கு முன்னரே மலிவான முறையிற் படம்பிடித்து ஓட்டிப் பார்ப்பார்கள். அதனைப் பென்சிற் பரிசோதனை என்பர். இதற்கென அமைந்த அறை மிகச் சிறியது. குளிரூட்டும் வசதி அற்றது. அங்கே புகுந்தவர்களுக்கு வியர்த்துக் கொட்டியது. அதனால் 'வியர்வைப் பெட்டி' என்று அதற்குப் பெயராயிற்று. புழுக்கத்தினால் வியர்த்ததா, டிஸ்னி என்ன சொல்வாரோ என்ற அச்சத்தினால் வியர்த்ததா என்று ஓவியர்கள் வேடிக்கையாகப் பேசிக்கொள்வதுண்டு.

அந்த அறையிலே சுருக்கெழுத்தாளர் ஒருவர் அமர்ந்து, சொல்லப்பட்ட ஒவ்வொரு கருத்தையும் எழுதிக்கொள்வார். பின்னர் அது தட்டச்சு செய்யப்பட்டு உரியவர்களுக்கு வழங்கப்படும். இன்றைய இணைப்பாளரின் முன்னோடி அந்தச் சுருக்கெழுத்தாளரே எனலாம்.

இந்த ஏற்பாட்டின் அவசியத்தை ஒரு கணக்கினால் உணரலாம். 1937ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட 'ஸ்னோ வைட்டும் ஏழு குள்ளர்களும்' என்ற படம் 83 நிமிடம் ஓடுவது. வினாடிக்கு 24 படங்கள் வீதம் கணக்கிட்டால், திரையில் தோன்றி மறையும் படங்களின் தொகை ஏறக்குறைய 1,20,000. இத்தனைக்கும் மையும் வர்ணமும் இட்ட பின்னர் ஒரு குறையைக் கண்டு திருத்துவதென்றால் எந்த நிறுவனமும் தாங்காது. பென்சிற் கோடுகளாக இருக்கும்போதே குறையைக் காண்பதுதான் சிக்கனம்.

அப்படியிருந்தும் இழப்பு நேராமற் போகவில்லை. அதே படத்துக்காக வார்ட் கிம்பல் என்ற ஓவியர், குள்ளர்கள் சூப் அருந்தும் வேடிக்கைக் காட்சியொன்றை நெடுநாள் பாடுபட்டு வரைந்தார். காட்சி நன்றாகவே இருந்தது. ஆனால், கதையின் ஓட்டத்தை அது தடைசெய்கிறதென்று கண்ட டிஸ்னி அதனை நீக்கிவிட்டார். மனமுடைந்த கிம்பலுக்கு, 1940இல் வெளியான 'பினோக்கியோ' படத்தில் ஜிமினி என்ற சிள்வண்டுப் பாத்திரத்தை உருவாக்கும் பொறுப்பை அவர் அளித்தார். நீக்கப்பட்ட காட்சி 1956ஆம் ஆண்டில் டிஸ்னியின் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் பென்சில் வடிவிலேயே காட்டப்பட்டது. வர்ணம் பூசும் செலவு ஓரளவு மிஞ்சியது உண்மை. ஓவியரின் உழைப்பு மிஞ்சவில்லை. காலந்தாழ்ந்த முடிவின் விலை எப்போதும் ஒருவருடைய உழைப்பிலிருந்தே செலுத்தப்படுகிறது.

இன்று பென்சிலின் இடத்தைப் பெரும்பாலும் கணினி பிடித்துக்கொண்டது. ஆயினும் வேலையின் தன்மை மாறவில்லை, பிரிவுகள் பெருகியுள்ளன. ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடைப்பட்ட துண்டினை 'ஷொட்' என்பர். ஐந்து வினாடி நீளமுள்ள ஒரு ஷொட்டில் 120 படங்கள் உண்டு. அதில் ஒரு புலி பாய்வதாக வைத்துக்கொண்டால், புலியின் உருவத்தை ஒருவர் அமைக்கிறார், அசைவை மற்றொருவர் கொடுக்கிறார், உரோமம், நீர், புகை ஆகியவற்றைப் பிறிதொருவர் செய்கிறார், வேறொருவர் ஒளியூட்டுகிறார், இறுதியில் ஒருவர் அனைத்தையும் நடிகருடைய படத்தோடு பொருத்துகிறார். இவ்வாறான ஷொட்டுகள் ஒரு பெரிய படத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டிருக்கும். இவற்றை முழுப் படமாகத் தீட்டுவதற்குக் கணினிகளும் இரவிரவாக உழைக்க வேண்டியிருக்கிறது. நுட்பம் மிகுந்த ஒரு தனிப் படத்துக்கே பல மணி நேரம் செல்வதுண்டு. காலையில் ஒரு குறிப்புத் தவறாகப் போய்ச் சேர்ந்தால், ஓவியரின் ஒரு பகலும் கணினிகளின் ஓர் இரவும் வீணாகிவிடும். அந்தத் தவறு மறுநாட் பரிசீலனையிலேதான் வெளிப்படும்.

இந்த நிலையில் இணைப்பாளர் செய்வது யாது? அவருடைய வேலை மூன்று பகுதிகளைக் கொண்டது: கூட்டத்துக்கு முன், கூட்டத்தின்போது, கூட்டத்துக்குப் பின்.

முதலாவது, நிரல் தயாரித்தல். எந்தெந்த ஷொட்டின் எத்தனையாம் படி பார்வைக்கு வந்துள்ளது என்பதை அவர் கணினிப் பதிவேட்டில் ஒப்பிட்டு அறிகிறார். எட்டாம் படி வர வேண்டிய இடத்தில் ஏழாம் படி வந்திருந்தால், நேற்றுச் சொன்ன குறையையே இன்றும் சொல்லி நேரம் கழியும். ஆகவே, ஒவ்வொன்றையும் முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து, படம் சரியாகத் திறக்கிறதா, நீளம் சரியா, ஒலி பொருந்துகிறதா என்று சோதிக்கிறார். பின்னர் அவற்றை வரிசைப்படுத்துகிறார். நாளையே ஒப்படைக்க வேண்டியவை முன்னே வரும். ஒரே காட்சியைச் சேர்ந்த ஷொட்டுகள் அடுத்தடுத்து நிற்கும். அப்போதுதான் ஒரு ஷொட்டில் பிற்பகல் வெயிலும் அடுத்ததில் காலை வெயிலும் விழும் முரண்பாடு கண்ணுக்குப் புலப்படும். ஓவியர்கள் தேவையின்றிக் காத்திராதபடி ஒவ்வொரு பிரிவினரையும் உரிய வேளையில் அழைப்பதும் அவர் பொறுப்பே. ஒரு மணி நேரத்தில் 30 ஷொட்டுகள் பார்க்க வேண்டுமாயின், ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது இரண்டு நிமிடமே.

இரண்டாவது, கூட்டத்தின்போது குறிப்பெடுத்தல். விளக்கு அணைந்ததும் ஷொட்டின் எண்ணையும் படியின் எண்ணையும் அவர் உரக்கச் சொல்கிறார். சென்றமுறை என்ன சொல்லப்பட்டது என்பதையும் நினைவூட்டுகிறார். ஷொட் இரண்டு மூன்று முறை ஓடுகிறது. மேற்பார்வையாளர், "புலிக்கு இன்னும் கொஞ்சம் கனம் வேண்டும்" என்கிறார். அறையிலுள்ள அனைவரும் தலையசைக்கிறார்கள். ஆனால், அந்தக் கனம் எங்கே வேண்டும்? பாயும்போதா, தரையில் விழும்போதா? உடலின் குலுக்கத்திலா, காலின் மடிப்பிலா? இருட்டில் விளங்கியதுபோலத் தோன்றிய சொல், வெளியே வந்ததும் மூன்று பேருக்கு மூன்று பொருள் தரும். நல்ல இணைப்பாளர் அந்த இடத்திலேயே தயங்காமல் கேட்கிறார்: "72ஆம் படத்தில், முன்கால் தரையைத் தொடும்போதா?" ஆம் என்ற விடை கிடைத்ததும் அதனை எழுதுகிறார். இந்த ஒரு கேள்வியினால் ஓவியருடைய ஒரு நாள் மிஞ்சுகிறது.

எழுதும் முறையிலும் ஒழுங்கு உண்டு. ஷொட்டின் எண், படி, எத்தனையாவது படத்தில் குறை தோன்றுகிறது, என்ன செய்ய வேண்டும், யார் செய்ய வேண்டும், எப்போது மீண்டும் காட்ட வேண்டும் என்பன இடம்பெற வேண்டும். இறுதியில் ஒரு தீர்ப்பும் வேண்டும்: ஏற்கப்பட்டதா, திருத்தத்துக்குரியதா, நெறியாளரின் பார்வைக்குச் செல்வதா? தீர்ப்பில்லாமல் ஒரு ஷொட் அறையை விட்டு வெளியேறுமாயின், அது எவருடைய மேசையிலும் இராது; எல்லோரும் மற்றவர் செய்கிறார் என்று எண்ணியிருப்பர். மேலும், கட்டளை வேறு, யோசனை வேறு. "வானத்தைச் சற்று மங்கலாக்கிப் பார்க்கலாமோ" என்று யாரோ உரையாடலிற் சொன்னதைக் கட்டளையாக எழுதிவிட்டால், வேண்டாத வேலையொன்று தொடங்கிவிடும்.

மூன்றாவது, குறிப்பை உரியவரிடம் சேர்த்தல். நண்பகலுக்குள் ஒவ்வொருவருக்கும் அவரவர் குறிப்புச் சென்றுவிட வேண்டும். அசைவில் மாற்றம் நேர்ந்தால், அதன்மேல் ஒளியூட்டிக் கொண்டிருப்பவருக்கும் அறிவித்து அவருடைய வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டும். நேற்று இருளாக்கச் சொன்ன காட்சியை இன்று வெளிச்சமாக்கச் சொன்னால், இரண்டையும் அருகருகே வைத்து மேற்பார்வையாளரிடம் பணிவோடு காட்ட வேண்டும். குற்றங்காண்பது இதன் நோக்கமன்று. மனிதருடைய ஞாபகம் மாறக்கூடியது, எழுத்து மாறாது.

இந்தக் கூட்டத்திலே தொழில் நுட்பத்தைக் காட்டிலும் நுண்மையான விடயம் ஒன்றுண்டு. முடிவுறாத தன் வேலையைப் பலர் பார்க்கும்படி வைப்பது எந்தக் கலைஞனுக்கும் கூச்சந்தருவது. கூச்சம் மிகுந்தால் அவன் வேலையை ஒளித்து வைப்பான். நன்றாக மெருகிட்ட பின்னரே காட்டுவான். அப்போது திருத்துவதற்குக் காலம் இராது. பிக்ஸார் நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான எட் கட்மல் 2008ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில், தம் நிறுவனத்தில் நிறைவுறாத வேலையை நாள்தோறும் குழுவினர் அனைவருக்கும் காட்டும் வழக்கத்தின் பயன்களை விளக்கியிருக்கிறார். கூச்சம் நீங்கியதும் படைப்பாற்றல் பெருகுகிறது. நெறியாளர் ஒருவருக்குச் சொல்வதை எல்லோரும் ஒரே நேரத்தில் அறிகிறார்கள். ஒருவர் வேலையைக் கண்டு மற்றவர் கற்றுக்கொள்கிறார். இறுதியில் எதிர்பாராத அதிர்ச்சிகள் நேர்வதில்லை என்பன அவர் கூறும் பயன்கள்.

இந்தப் பயன்கள் தாமாக விளைவதில்லை. புதிதாகச் சேர்ந்த ஓவியரின் ஷொட்டை எங்கே வைப்பது, ஒருவருக்குக் கடுமையான குறிப்புகள் அடுத்தடுத்து விழாமல் எவ்வாறு வரிசைப்படுத்துவது, காரசாரமாகச் சொல்லப்பட்ட ஒன்றை அதன் சாரம் குன்றாமலும் காரம் சேராமலும் எவ்வாறு எழுதுவது என்பன இணைப்பாளரின் விவேகத்தைச் சார்ந்தவை. "இது மோசம்" என்ற சொல்லைக் குறிப்பாக எழுதினால் யாருக்கும் பயனில்லை. "பாய்ச்சலின் தொடக்கம் ஆறு படங்கள் முந்தி வருகிறது" என்று எழுதினால் ஓவியர் உடனே வேலையைத் தொடங்கலாம்.

பார்ப்பவரும் படைப்பவரும் ஒரே அறையில் இருந்த காலத்தில் ஐயங்களை உடனே கேட்டுத் தெளியலாம். தூரம் குறுக்கிட்டபோது இணைப்பாளரின் பொறுப்பு இன்னும் கூடியது. 1993ஆம் ஆண்டின் முற்பகுதியில், ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் போலந்து நாட்டின் கிராக்கோ நகரில் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படத்தைப் பகலில் எடுத்துக்கொண்டிருந்தார். அதே வேளையில் கலிபோர்னியாவில் 'ஜுராசிக் பார்க்' படத்தின் டைனோசர்கள் உருவாகிக்கொண்டிருந்தன. படப்பிடிப்பு முடிந்த பின்னர் அவர் செய்மதித் தொடர்பின் மூலம் அந்த ஷொட்டுகளைப் பார்த்துத் திருத்தங்களைச் சொல்லுவார். இரண்டு இடங்களுக்கும் ஒன்பது மணி நேர வித்தியாசம். அந்தப் படம் அதே ஆண்டு ஜூன் மாதத்தில் திரைக்கு வந்தது.

பின்னர் இதற்கெனக் கருவிகள் தோன்றின. அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரிலுள்ள ரைசிங் சன் பிக்சர்ஸ் என்ற நிறுவனத்தார் 'சினிசிங்க்' என்ற கணினி நிரலை உருவாக்கினர். அதன் உபாயம் சுவையானது. படத்தை அந்த வேளையில் கம்பி வழியே அனுப்புவதில்லை. இரு தரப்பாரிடமும் ஒரே படத்தின் பிரதி முன்கூட்டியே சேர்ந்திருக்கும். ஓட்டு, நிறுத்து, இந்தப் படத்துக்குச் செல், இங்கே வட்டமிடு என்ற கட்டளைகள் மாத்திரமே அங்குமிங்கும் செல்லும். அதனால், மந்தமான தொடர்பிலும் இருவரும் ஒரே கணத்தில் ஒரே படத்தைத் துல்லியமாகக் காணலாம். இதனை ஆக்கியோருக்கு 2011ஆம் ஆண்டில் அமெரிக்கத் திரைப்படக் கழகம் தொழில்நுட்ப விருதளித்தது. 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவி, பார்வை அறைகள் மூடப்பட்டு, கலைஞர்கள் வீட்டிலிருந்தே வேலைசெய்ய நேர்ந்தபோது, இத்தகைய கருவிகள் இத்தொழிலின் அன்றாடத் தேவையாகிவிட்டன.

எனினும், கருவி படத்தைக் காட்டுமேயன்றிக் கருத்தை விளக்காது. இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட டிநெக் நிறுவனத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு. இரண்டு நகரங்களுக்கும் இடையே கோடையில் நாலரை மணி நேரமும், குளிர் காலத்தில் ஐந்தரை மணி நேரமும் வித்தியாசம். இலண்டனில் மாலை ஆறு மணிக்கு எழுதப்படும் குறிப்பைச் சென்னையிலுள்ள ஓவியர் மறுநாட் காலையில் வாசிக்கும்போது, எழுதியவர் உறக்கத்தில் இருப்பார். கேட்டறிய ஆளில்லை, குறிப்பே பேசவேண்டும். அறையிலே இல்லாத ஒருவர், கூறியவரின் குரலையும் கையசைவையும் அறியாத ஒருவர், அந்த எழுத்தை மாத்திரம் கொண்டு சரியான வேலையைச் செய்ய முடியுமா என்பதே நல்ல குறிப்புக்கு உரைகல்.

இது பணத்தோடும் பிழைப்போடும் தொடர்புடைய விடயம் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. புதுச்சேரியில் வளர்ந்த சிறுவன் ஒருவன், நடுக்கடலிலே புலியொன்றோடு படகில் அகப்பட்ட கதையைக் கூறுவது 2012ஆம் ஆண்டில் வெளிவந்த 'லைஃப் ஒஃப் பை'. அதிலுள்ள புலியைப் பெரும்பாலான காட்சிகளில் கணினியால் உருவாக்கியது கலிபோர்னியாவைச் சேர்ந்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம். 2013ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அந்த வேலைக்கு ஒஸ்கார் விருது கிடைத்தது. அதே மாதத்தில் அந்த நிறுவனம் வங்குரோத்து நிலையை அறிவித்து நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று, பலர் வேலையிழந்தனர். இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றாக இத்துறையினர் அன்று எடுத்துக்கூறியது, ஒப்பந்தத் தொகை முன்னரே நிச்சயிக்கப்பட்டிருக்க, திருத்தங்களுக்கு மாத்திரம் எல்லை இராத வழக்கமாகும்.

எல்லையில்லாத திருத்தங்கள் ஒரே நாளில் வந்து குவிவதில்லை. ஒரு காலையில் ஒரு சிறு மாற்றம், மறு காலையில் இன்னொன்று என்று, பரிசீலனை அறையின் வழியாகவே அவை நுழைகின்றன. ஒவ்வொன்றும் தனியே நோக்கும்போது அற்பமாகத் தோன்றும். எழுதி வைத்த குறிப்புகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தாலன்றி, ஒப்புக்கொண்ட வேலை எங்கே முடிந்தது, புதிய வேலை எங்கே தொடங்கியது என்று சொல்ல இயலாது. "இது இருபதாம் படி, முதலில் ஒப்புக்கொண்டதில் இந்த மழை இல்லை" என்று இணைப்பாளர் தயாரிப்பாளரிடம் தக்க காலத்தில் எடுத்துச் சொல்வாராயின், பேரம் பேசவும் மறுக்கவும் வழி பிறக்கும். அவர் சொல்லாதுவிட்டால் அந்தச் சுமை, நள்ளிரவு வரை விழித்திருக்கும் ஓவியரின் முதுகிலேயே ஏறும். ஒப்பந்தங்களை மாற்றும் அதிகாரம் இணைப்பாளருக்கு இல்லை. ஆனால், அதிகாரமுள்ளவர்கள் உண்மையை அறிந்து முடிவெடுப்பதற்கான சான்று அவருடைய ஏட்டிலேதான் இருக்கிறது.

ஆகவே, இந்தப் பணியை ஏற்க விரும்பும் இளைஞர்க்கு வேண்டிய தகுதிகள் எளியவைபோலத் தோன்றினும் அரியவை. கேட்பதைக் கவனமாகக் கேட்கும் செவி, விளங்காததை விளங்கவில்லை என்று பெரியவர்கள் நடுவே கூறும் துணிவு, பிறர் சொல்லைத் தம் சொல் கலவாமல் எழுதும் நேர்மை, நேரத்தைக் கண்டிப்பாகப் பேணும் பழக்கம், பிறருடைய உழைப்பின் மீது இரக்கம் ஆகிய இவை எந்தக் கருவியாலும் கிட்டுவன அல்ல. வியர்வைப் பெட்டியில் அமர்ந்திருந்த சுருக்கெழுத்தாளருக்கு வேண்டியவையும் இவையே. கண்டங்களுக்கு அப்பாலுள்ள கலைஞருக்குக் குறிப்பனுப்பும் இன்றைய இணைப்பாளருக்கு வேண்டியவையும் இவையே. திருத்தமாக எழுதிய ஒரு வரி, முகமறியாத ஒருவரின் ஒரு நாள் உழைப்பைக் காக்கிறது. நாள்தோறும் அவ்வாறு காக்கப்படும் உழைப்பு ஒன்றுசேர்ந்தே படமாகிறது.